ஈயத்தில் வார்த்த படை

டென்மார்க்கு நாட்டுக் கதைஞர் ஹான்ஸ் கிறித்தியன் அண்டர்சன் 1838 ஆம் ஆண்டில் எழுதிய சிறுவர் கதையொன்று உலகின் பல மொழிகளிலும் வழங்குகின்றது. பழைய வெள்ளீயக் கரண்டி ஒன்றை உருக்கி வார்த்த இருபத்தைந்து பொம்மைப் போர்வீரர் அக்கதையில் வருகின்றனர். இருபத்துநால்வர் உறுப்பு நிறைந்தவராய் அமைந்தனர். இறுதியில் வார்க்கப்பட்டவனுக்கு உலோகம் போதாமற் போகவே, அவன் ஒற்றைக்காலனாய் நின்றான். பல இடர்களைக் கடந்து மீண்ட அவ்வீரன் முடிவில் அடுப்பில் எறியப்பட்டு உருகினான். மறுநாட் காலையில் சாம்பலை அள்ளிய பணிப்பெண் இதய வடிவான சிறு ஈயக்கட்டி ஒன்றைக் கண்டாள்.

கதையைக் கேட்கும் சிறுவர் ஒற்றைக்கால் வீரனுக்காக இரங்குவர். வரலாற்றை நாடுவோர் கருதவேண்டியது அந்தக் கரண்டியையே. உலோகம் தீர்ந்தது, ஆகவே ஒரு கால் குறைந்தது. பொம்மை வீரனின் மேற்பூச்சு வெற்றியையும் வீரத்தையும் சீருடையின் அழகையும் எடுத்துக் கூறும். அப்பூச்சின் கீழுள்ள பொருளோ வேறொரு கதையை வைத்திருக்கின்றது. அவனை வார்த்தவர் யார், வாங்கத்தக்க செல்வம் யாரிடம் இருந்தது, எந்த ஆண்டில் அவ்வுலோகத்தை உண்மைப் போர் பறித்துக்கொண்டது, யாருடைய உடலில் அது நஞ்சாய்ச் சேர்ந்தது என்பனவெல்லாம் அக்கதையில் அடங்கும்.

தமிழில் ஈயம் என்னும் சொல் இரண்டு உலோகங்களுக்குப் பொதுவாக வழங்குகின்றது. ஒன்று வெள்ளீயம்; மற்றது காரீயம். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் பூசுவதற்குரியது வெள்ளீயம். அது உணவைக் கெடுக்காது, விலை மிக்கது. காரீயம் மென்மையானது, நிறை மிகுந்தது, மலிவானது, உடலுக்கு நஞ்சானது. இரண்டும் எளிதில் உருகுவன. வெள்ளீயம் 232 பாகை செல்சியசிலும் காரீயம் 327 பாகையிலும் உருகும். இரும்பை உருக்குவதற்கோ 1,500 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். வீட்டடுப்பிலேயே உருகத்தக்க உலோகம் என்பதனாற்றான் ஈயம் பொம்மை செய்வோர் கைக்கு வந்தது. இரு ஈயங்களும் எவ்வளவெவ்வளவு கலந்தன என்பதே இந்த வரலாற்றின் பெரும்பகுதி எனலாம்.

உலோகத்துக்கு முன்னர் மரம் இருந்தது. எகிப்தில் ஆசியூத் என்னும் ஊரில் மெசெகித்தி என்ற தலைவனின் கல்லறையிலிருந்து, ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மரவீரர் அணிகள் இரண்டு கிடைத்தன. ஓரணியில் நாற்பது எகிப்திய ஈட்டிவீரர். மற்றையதில் நாற்பது நூபிய வில்வீரர். இவை விளையாட்டுக்கென அமைந்தவையல்ல. இறந்த தலைவனுக்கு மறுமையிலும் காவலாய் நிற்கவேண்டும் என்னும் நம்பிக்கையில் வைக்கப்பட்டவை. எனினும், போர்வீரனைச் சிறிதாக்கி வரிசையில் நிறுத்தும் விருப்பம் எவ்வளவு பழையது என்பதற்கு அவை சான்று பகர்கின்றன. பிற்காலத்தில், மரமும் வாங்க இயலாத இல்லங்களுக்குக் காகித வீரர் வந்தனர். பிரான்சில் எப்பினால் நகரத்துப் பெலரின் அச்சகம் 1796 ஆம் ஆண்டில் தோன்றியது. அங்கு அச்சிட்ட தாள்களிலிருந்த வீரரை வெட்டியெடுத்து, அட்டையில் ஒட்டி நிறுத்திச் சிறுவர் விளையாடினர்.

மரவீரரைப் பற்றிய செய்தி ஒன்று ஆங்கில இலக்கிய வரலாற்றில் நிலைபெற்றுள்ளது. 1826 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் பற்றிக் புரொண்டே என்னும் கிராமக் குருவானவர் லீட்ஸ் நகரிலிருந்து தம் மகன் பிரான்வெல்லுக்குப் பன்னிரண்டு மரவீரர் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். அவனுடைய சகோதரிகள் சார்லட், எமிலி, ஆன் ஆகிய மூவரும் ஆளுக்கொரு வீரனைத் தமதாக்கிக்கொண்டனர். தன் வீரனுக்கு வெலிங்டன் கோமகன் என்று பெயரிட்டாள் சார்லட். அப்பொம்மைகளுக்கு அவர்கள் நாடுகளைப் படைத்தனர். அந்நாடுகளின் வரலாற்றை நுண்ணிய எழுத்தில் சிறு ஏடுகளாகத் தைத்தனர். பின்னாளில் புகழ்பெற்ற நாவல்களை எழுதிய மூன்று பெண்களுக்கும் முதற்பயிற்சிக் களமாய் அமைந்தது அந்த மரப்பெட்டியே. பொருளின் விலை வேறு, அதன் பயன் வேறு என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

ஈய வீரரின் பிறப்பிடம் ஜேர்மனியின் நூரம்பேர்க் நகரம். அங்கு வெள்ளீயத் தட்டுகளும் குவளைகளும் வார்க்கும் கைவினைஞர் நெடுங்காலமாகச் சங்கம் அமைத்து வாழ்ந்தனர். உணவுப் பாத்திரங்களில் பத்துப் பங்கு வெள்ளீயத்துக்கு ஒரு பங்கு காரீயமே சேர்க்கலாம் என்பது அந்நகரத்துக் கட்டளை. பதினெட்டாம் நூற்றாண்டில் பீங்கானும் மெருகிட்ட மட்பாண்டமும் பெருகவே, வெள்ளீயப் பாத்திரத்தின் செல்வாக்குக் குறைந்தது. கோபேர்க்கில் 1732 ஆம் ஆண்டில் பிறந்து நூரம்பேர்க்கில் தொழில் நடத்திய யோகான் கொட்பிரீட் ஹில்பேர்ட் என்னும் வார்ப்பு வினைஞர், பாத்திரத்துக்குரிய உலோகத்தைப் பொம்மைக்கு மாற்றியவருள் முதன்மையானவர். பிரசியாவின் மன்னன் பிரெடறிக்கு போர்களில் புகழ்பெற்ற காலம் அது. அம்மன்னனின் உருவத்தையும் ஹில்பேர்ட் வார்த்தார்.

அவ்வீரர் தட்டையானவர், நாணயத்தின் தடிப்பே உடையவர். உலோகச் செலவைக் குறைப்பதற்கும் அச்சை எளிதாக்குவதற்கும் கண்ட வழி அது. அச்சுக்குரிய பொருள் சிலேட்டுக் கல். அக்கல் நுண்மணி உடையது, உளிக்கு இணங்குவது, உருகிய ஈயத்தின் வெப்பத்தைத் தாங்குவது. ஒரு பலகையில் வீரனின் ஒரு பக்கமும், எதிர்ப்பலகையில் மறுபக்கமும் குழிவாகச் செதுக்கப்படும். இரண்டையும் பொருத்தி, மேலுள்ள வாயில் உலோகத்தை ஊற்றுவர். காற்று வெளியேற மயிரிழை போன்ற வாய்க்கால்கள் கீறப்பட்டிருக்கும். சில நொடிகளில் அச்சைத் திறந்தால் வீரன் வெளிப்படுவான்.

சுவாமிமலையில் செப்புத் திருமேனி வார்க்கும் சிற்பியர் முறையோடு இதனை ஒப்பிட்டு நோக்கின் வேறுபாடு விளங்கும். அவர் மெழுகால் உருவஞ் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பர். வார்த்தபின் மண்ணை உடைத்தே திருமேனியை எடுத்தல் வேண்டும். ஒரு கருவிலிருந்து ஒரு திருமேனியே பிறக்கும். நூரம்பேர்க்கின் கல்லச்சோ மீண்டும் மீண்டும் திறந்து மூடத்தக்கது. ஒரே முகமும் ஒரே நடையும் உடைய ஆயிரம் வீரரை அது பெற்றுத்தரும். படை என்பதற்கு வேண்டுவதும் அத்தகைய ஒருமையே அன்றோ?

1839 ஆம் ஆண்டில் அதே நகரில் எர்ண்ஸ்ட் ஹைன்ரிக்சன் தொடங்கிய நிறுவனம் இத்தொழிலைப் பெருக்கியது. வீரனின் உயரம் முப்பது மில்லிமீற்றர் என அவர் வகுத்த அளவை மற்றையோரும் மேற்கொண்டனர். அதனால் ஒருவரிடம் வாங்கிய குதிரைப்படையை வேறொருவரிடம் வாங்கிய காலாட்படைக்கு எதிரே நிறுத்தல் இயன்றது. மெல்லிய மரச்சீவற் பெட்டிகளில் அடைத்து, இவ்வீரரை நிறைகணக்கில் விற்றனர். வீரனுக்குத் தலைக்கணக்கு இல்லை. அரிசியும் பருப்பும் போல அவன் தராசில் நிறுக்கப்பட்டான். வண்ணந் தீட்டும் வேலை பெரும்பாலும் வீடுகளுக்குச் சென்றது. பெண்களும் சிறுவரும் குறைந்த கூலிக்கு அதனைச் செய்தனர். செல்வர் வீட்டுச் சிறுவன் விளையாடிய வீரனுக்குச் சிவந்த மேலங்கி தீட்டியது வறியவர் வீட்டுச் சிறுவனின் தூரிகையாய் இருந்திருத்தல் கூடும்.

தட்டை வீரரைப் பக்கவாட்டில் நோக்கினால் கோடு ஒன்றே தெரியும். ஆகவே முழுவுருவ வீரருக்கு விருப்பம் எழுந்தது. பாரிசில் லூக்கோத், மின்யோ முதலிய நிறுவனங்கள் நெப்போலியனின் படைகளைத் திண்மையாக வார்த்தன. டிரெஸ்டன் நகரத்து ஜோர்ஜ் ஹைடே நிறுவனம் எளிதில் வளையும் ஈயக்கலவையில் வீரரை வார்த்து, ஒரே உருவத்தைப் பல நிலைகளில் வளைத்துக் கடல்கடந்த நாடுகளுக்கும் அனுப்பியது. திண்மை வீரனுக்கு ஈயம் அதிகம் வேண்டும். ஆகவே விலையும் அதிகம். கப்பற் கூலியும் அதிகம். அவன் செல்வர் இல்லத்துக்கே உரியவனானான்.

அத்தகைய இல்லமொன்றில் வளர்ந்தவர் வின்ஸ்டன் சேர்ச்சில். 1930 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் இளமை வரலாற்றில், ஏறத்தாழ 1,500 பொம்மை வீரர் தம்மிடம் இருந்ததாக அவர் கூறுகின்றார். அவர் படை முழுவதும் பிரித்தானியப் படை. எதிர்ப்படையை நடத்திய தம்பிக்குக் கறுப்பின வீரரே அளிக்கப்பட்டனர். பீரங்கி வைத்துக்கொள்ளவும் அவனுக்கு உரிமை இல்லை. ஒருநாள் தந்தையார் வந்து இருபது நிமிடம் அணிவகுப்பைப் பார்வையிட்டார். இராணுவத்திற் சேர விருப்பமா என்று வினவினார். மகன் உடனே ஆம் என்றான். தம்மிடம் படைத்தலைவனுக்குரிய அறிவைத் தந்தையார் கண்டார் என்றே சிறுவன் நெடுங்காலம் நம்பியிருந்தான். சட்டத்தொழிலுக்கு வேண்டிய அறிவு மகனிடம் இல்லை என்று கருதியே அவர் அவ்வாறு கேட்டார் என்பது பின்னரே அவனுக்குத் தெரியவந்தது. பேரரசின் ஏற்றத்தாழ்வு விளையாட்டறையின் தரையிலும் தவறாது இடம்பெற்றிருந்தமை ஈண்டுக் கருதற்பாலது.

நடுத்தரக் குடும்பங்களுக்கும் ஈய வீரன் எட்டியது 1893 ஆம் ஆண்டிலாகும். இலண்டனில் இயந்திரப் பொம்மைகள் செய்து வாழ்ந்த குடும்பத்தினரான இளைய வில்லியம் பிரிட்டன் அவ்வாண்டில் உள்ளீடற்ற வார்ப்பு முறையைக் கொண்டுவந்தார். உருகிய ஈயக்கலவையை உலோக அச்சில் ஊற்றியவுடன், அச்சின் சுவரைத் தொட்ட பகுதி முதலில் உறையும். நடுப்பகுதி இன்னும் நீராகவே இருக்கும். அந்நொடியில் அச்சைக் கவிழ்த்தால் உறையாத ஈயம் சிறு துளைவழியே வழிந்து வெளியேறும். எஞ்சுவது மெல்லிய ஓடு. கணம் பிந்தினால் வீரன் திண்மையாகிவிடுவான். கணம் முந்தினால் உருவமே அமையாது. வார்ப்போரின் கைப்பழக்கமே இம்முறையின் உயிர்நாடி.

இவ்வாறு வார்த்த வீரன் திண்மை வீரனிலும் மிக இலேசானவன், ஆகவே மலிவானவன். 54 மில்லிமீற்றர் உயரமான வீரர் அடங்கிய பெட்டி ஒரு சிலிங்குக்கு விற்பனையாயிற்று. ஜேர்மானிய இறக்குமதி இங்கிலாந்தில் பின்னடைந்தது. போலி செய்வோர் பெருகவே, 1900 ஆம் ஆண்டு முதல் உரிமை பெற்ற நாள் வீரரின் காலடியில் குறிக்கப்பட்டது. பேரரசின் படைப்பிரிவுகள் பலவும் பெட்டிகளில் அடங்கின. வங்காளக் குதிரைப்படையும் மதராஸ் சுதேசிக் காலாட்படையும் அவற்றுட் சில. பூச்சு வேலை இங்கும் பெண்களின் கையிலேயே இருந்தது.

உள்ளீடற்ற வீரனுக்குக் கழுத்துத்தான் வலுவற்ற இடம். கீழே விழுந்தால் தலை தெறிக்கும். அதற்குச் சிறுவர் கண்ட மருத்துவமும் அவன் உள்ளீடின்மையாலேயே இயன்றது. தீக்குச்சி ஒன்றை முறித்து உடலின் துளையிற் செருகி, அதன் மறுமுனையில் தலையைப் பொருத்திவிடுவர். தீக்குச்சிக் கழுத்தோடு நிற்கும் வீரர் இன்றும் பழம்பொருள் சேகரிப்போரிடம் காணப்படுகின்றனர். உண்மைப் போரில் இத்தகைய மருத்துவம் இல்லை.

ஓடு மெல்லியதாயினும் உருக்குலையாது நிற்கவேண்டும். அதற்காக ஈயத்தோடு அந்திமனி என்னும் உலோகம் சேர்க்கப்பட்டது. கண்ணுக்கிடும் மைக்குப் பண்டைக்காலத்தில் பயன்பட்ட அஞ்சனக்கல்லிலிருந்து பெறப்படும் உலோகம் அது. அந்திமனி ஈயத்துக்கு வன்மை அளிக்கும்; உறையும்போது சுருக்கத்தைக் குறைத்து, அச்சின் நுண்ணிய கோடுகளையும் நிரப்பச் செய்யும். இதே காரணத்தால் அச்சகத்து எழுத்துகளும் ஈயம், வெள்ளீயம், அந்திமனி ஆகிய மூன்றின் கலவையாலேயே வார்க்கப்பட்டன. பீரங்கிக் குண்டின் உள்ளே நிரப்பி எதிரியின்மேற் சிதறடிக்கும் சிறு குண்டுகளும் ஈயமும் அந்திமனியும் கலந்தவையே. அச்செழுத்து, பொம்மை வீரன், போர்க்குண்டு என்னும் மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

பொம்மை வீரரைக்கொண்டு விதிமுறைப்படி போர் நடத்தும் விளையாட்டுக்கு இரண்டு மூலங்கள் உண்டு. ஒன்று படைத்தலைவருக்கு உரியது. பிரசிய அதிகாரியான இளைய றைஸ்விட்ஸ் 1824 ஆம் ஆண்டில் அமைத்த போர்ப்பயிற்சியில், நிலப்படத்தின் மீது சிவப்பும் நீலமும் பூசிய ஈயக்கட்டைகள் படைகளாக நகர்த்தப்பட்டன. அங்கு வீரனுக்கு முகமே இல்லை. மற்றையது வீட்டுத் தரையில் தோன்றியது. எச். ஜி. வெல்ஸ் 1913 ஆம் ஆண்டில் சிறு போர்களைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். பிரிட்டன் நிறுவனத்து வீரரும், சிறு மரத்துண்டை எய்யவல்ல பொம்மைப் பீரங்கியும் அவ்விளையாட்டின் கருவிகள். உண்மைப் போரின் அறிவின்மையை எண்ணிப் பார்ப்பதற்கு இச்சிறு போர் உதவும் என்பதும், உடைந்த உடலோ அழும் தாயோ இல்லாத போர் இதுவே என்பதும் வெல்ஸின் கருத்து.

நூல் வெளிவந்த மறு ஆண்டில் முதலாம் உலகப்போர் மூண்டது. பிரிட்டனின் முதற் பெட்டி வெளிவந்த ஆண்டிற் பிறந்த ஆண்மகவுக்கு 1914 இல் வயது இருபத்தொன்று. தரையில் ஈய வீரரை அடுக்கி வளர்ந்த தலைமுறையே பதுங்குகுழிகளுக்குச் சென்றது. சிறுவயதிற் கையில் வைத்திருந்த அதே கலவை, வேறு உருவில் அவர்கள்மேற் பொழிந்தது. விளையாட்டே போரை விளைத்தது என்று கூறுதல் பொருந்தாது. ஆயின், விளையாட்டு எதனைக் காட்டவில்லை என்பதை அத்தலைமுறை மிக அதிக விலைகொடுத்தே அறிந்தது.

ஜேர்மனியில் உலோகத்துக்கு மாற்றாக வேறொரு பொருளும் வழக்கிலிருந்தது. மரத்தூள், பசை, வெண்களி, ஆளிவிதை எண்ணெய் ஆகியவற்றைப் பிசைந்து, நடுவே கம்பி வைத்து, வெப்பமூட்டிய அச்சில் அழுத்தி உலர்த்தி வீரரைச் செய்தனர். ஹவுசர் நிறுவனத்தின் எலாஸ்தொலினும் பிராண்டன்பேர்க்கின் லினியோலும் இவ்வகையிற் பெயர்பெற்றன. இவ்வீரர் ஏறத்தாழ ஏழு சென்ரிமீற்றர் உயரமானவர், இலேசானவர். ஈரம் இவருக்குப் பகை. ஈரம் புகுந்தால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், உடல் வெடிக்கும். 1930 களில் நாசி ஆட்சியின் கீழ் இதே மரத்தூளிலிருந்து ஹிட்லரும் அவன் கூட்டத்தாரும் பொம்மைகளாய் எழுந்தனர். கையை உயர்த்தி வணங்கும்படி அசையும் கையோடும் அவை செய்யப்பட்டன. குழந்தையின் பொம்மைப் பெட்டிக்குள்ளும் அரசியல் புகுந்தமைக்கு அவை சாட்சியாய் நிற்கின்றன.

இரண்டாம் உலகப்போர் பொம்மைப் படைகளையும் விட்டுவைக்கவில்லை. ஈயமும் வெள்ளீயமும் போர்த் தொழிலுக்கு வேண்டப்பட்டன. இலண்டனில் பிரிட்டன் தொழிற்சாலை போர்க்கருவி வேலைக்கு மாறியது. அமெரிக்காவில் 1942 ஆம் ஆண்டில் உலோகப் பொம்மை உற்பத்தி நின்றது. 1945 பெப்ரவரியில் டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது ஹைடே நிறுவனமும் அழிந்தது. உலகெங்கும் பொம்மைப் படைகளை அனுப்பிய தொழிற்சாலையை உண்மைப் படையின் விமானங்கள் அழித்தன.

போர் முடிந்தபின் வந்த பொருள் பிளாஸ்டிக். 1938 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பெற்றன் நிறுவனம் பிளாஸ்டிக் வீரரை விற்றிருந்தது. எனினும், அப்பொருளுக்குப் பரந்த வாழ்வு போருக்குப் பின்னரே கிடைத்தது. 1933 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஐ. சி. ஐ. ஆய்வுகூடத்திற் கண்டறியப்பட்ட பொலித்தீன், போர்க்காலத்தில் ராடர் கருவிகளின் மின்கம்பிகளுக்கு உறையாகப் பயன்பட்டது. ஈயம் பொம்மைப் பெட்டியிலிருந்து போர்க்களத்துக்குச் சென்றதெனின், பொலித்தீன் போர்க்களத்திலிருந்து பொம்மைப் பெட்டிக்கு வந்தது. உருக்கு அச்சுச் செய்வதற்குச் செலவு மிகுதி. செய்து முடித்தால் பல்லாயிரம் வீரரை நொடிப்பொழுதிற் பிழிந்தெடுக்கலாம். எயர்பிக்ஸ் நிறுவனம் 1959 ஆம் ஆண்டில் வெளியிடத் தொடங்கிய சிறு வீரரைச் சிறுவர் தம் கைச்செலவுப் பணத்திலேயே வாங்கினர். ஒரு பெருஞ்சேனையைத் திரட்ட இனிச் செல்வர் வீட்டிற் பிறக்கவேண்டியதில்லை. ஆயின் பொலித்தீனில் வண்ணம் ஒட்டாது, வளைத்தவுடன் உரிந்துவிடும். பூச்சு வேலையும் கூலி குறைந்த ஹொங்கொங்குக்குப் பெயர்ந்தது.

ஈயத்தை விரட்டியது மலிவு மாத்திரமன்று. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பதை மருத்துவம் தெளிவாக்கிக்கொண்டே வந்தது. பொம்மையை வாயில் வைப்பது குழந்தையின் இயல்பு. வீரனின் உடலில் மாத்திரமன்றிப் பூச்சிலும் ஈயம் இருந்தது. வெண்மைக்கும் மஞ்சளுக்கும் ஈயச் சேர்மங்களே நெடுங்காலம் பயன்பட்டன. பிரிட்டன் நிறுவனம் 1966 ஆம் ஆண்டில் ஈய வார்ப்பை நிறுத்தியது. 1967 ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் பொம்மைப் பாதுகாப்பு விதிகள் பூச்சிலுள்ள ஈயத்துக்கு வரம்பிட்டன. அமெரிக்கா 1978 ஆம் ஆண்டில் ஈயப் பூச்சுள்ள பொம்மைகளைத் தடைசெய்தது. இலங்கையிலும் பூச்சுவகைகளின் ஈய அளவை வரையறுக்கும் ஒழுங்குவிதிகள் 2011 ஆம் ஆண்டில் வெளியாயின. தீங்கற்ற ஈய அளவு என ஒன்று இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிவு. இவ்வறிவு கிடைக்குமுன் எத்தனை குழந்தைகள் பொம்மை வீரனைச் சுவைத்தன என்பதற்குக் கணக்கில்லை. வார்ப்புக் கூடத்தில் ஈய ஆவியை உள்ளிழுத்தோர், வீட்டு மூலையிலிருந்து பூச்சுத் தீட்டிய பெண்கள் ஆகியோருக்கும் எழுதப்பட்ட வரலாறு மிகக் குறைவே.

குழந்தைகளின் கையிலிருந்து நீங்கிய உலோக வீரன் பெரியோரின் மேசைக்கு ஏறினான். அமெரிக்காவின் ஜாக் ஸ்குருபி 1950 களில் இறப்பர் அச்சுகளில் சிறு வீரரை வார்த்து மலிவாக விற்றார். 1957 ஆம் ஆண்டில் போர் விளையாட்டுக்கெனச் சஞ்சிகை ஒன்றையும் தொடங்கினார். இங்கிலாந்தில் டொனல்ட் பெதர்ஸ்டன் 1962 ஆம் ஆண்டில் எழுதிய நூல் இவ்விளையாட்டைப் பரப்பியது. வட்டமான இறப்பர் அச்சைச் சுழற்றினால் உருகிய உலோகம் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி ஓடி, ஒரே வேளையில் பல உருவங்களை நிரப்பும். 1990 களில் இத்தொழிலும் காரீயத்தை நீக்கி, வெள்ளீயம் மிகுந்த கலவைக்குத் திரும்பியது. நூரம்பேர்க்கின் பாத்திரக் கட்டளை இரண்டு நூற்றாண்டு கழித்து நினைவுக்கு வந்தது போலும்! இன்று செயற்கைப் பிசினை ஒளியால் உறையச் செய்து, கணினி வரைந்த வீரனை வீட்டிலேயே படலம் படலமாக உருவாக்குகின்றனர். உறையாத பிசின் தோலுக்குத் தீங்கானது. ஆகவே கையுறை வேண்டும். பொருள் மாறினும் எச்சரிக்கை மாறவில்லை.

பொம்மை வீரனும் மூப்படைவான். ஒக்கு மரத்தாற் செய்த அழகிய நிலைப்பேழைகளிலேயே ஈய வீரர் விரைவில் அழிவர். அம்மரத்திலிருந்து கசியும் காடியாவி ஈயத்தைத் தாக்கி வெண்பொடியாக்கும். வாளுக்கும் குண்டுக்கும் அஞ்சாது நின்ற தோற்றத்தோடே அவன் உள்ளிருந்து உதிர்வான். பொலித்தீன் வீரனோ காலப்போக்கில் நொறுங்கும் தன்மை அடைவான். எடுத்தவுடன் துப்பாக்கி ஏந்திய கை ஒடியும். ஜேர்மனியின் குல்ம்பாக் நகரத்துப் பிளாசன்பேர்க் கோட்டையிலுள்ள ஈயவுருவக் காட்சிச்சாலை 300,000 இற்கும் மேற்பட்ட உருவங்களைக் காத்துவருகின்றது. பெருஞ்சேனைகள் எதிரெதிரே நிற்கும் அக்கண்ணாடிப் பேழைகளில் ஒரு துளி இரத்தமும் இல்லை.

இந்த இரத்தமின்மையே பொம்மைப் போரின் இனிமை. அதன் குறையும் அதுவே. தீக்குச்சியால் தலை பொருந்தும் போரை உண்மைப் போர் எனச் சிறுவர் மயங்காமல் இருக்கவேண்டுமாயின், பூச்சின் அழகோடு பொருளின் கதையையும் அவர்களுக்குச் சொல்லவேண்டும். வீரனை உள்ளங்கையில் வைத்து நிறைபார்க்கும் சிறுவனுக்கு, அந்நிறை எங்கிருந்து வந்தது, யாருடைய உழைப்பால் வந்தது, இன்னும் எதற்கெல்லாம் பயன்பட்டது என்பது விளங்கினால், அவன் விளையாட்டிழந்தவன் ஆகமாட்டான். வரலாறு பெற்றவன் ஆவான். பன்னிரண்டு மரவீரரிலிருந்து புரொண்டே குழந்தைகள் பெற்றது படை நடத்தும் ஆற்றலன்று. பிறர் உள்ளத்தை உணரும் ஆற்றல். அண்டர்சனின் ஒற்றைக்கால் வீரன் உருகியபின் சாம்பலிற் கிடந்ததும் வாளோ துப்பாக்கியோ அன்று, இதயமே.